அறுந்தால் நல்லது!

உங்கள் வீட்டில் ஒரு கேரி பேக் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து அதற்குத் தடை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இருக்கும். அதில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து மெள்ள இழுத்துப் பாருங்கள். முதலில் சூயிங்கம் மாதிரி நீளும். நடுவில் மெலியும். அப்புறம் திடீரென்று விறைத்துக்கொண்டு 'இதற்கு மேல் வரமாட்டேன்' என்று அடம்பிடிக்கும். மெலிந்த அந்த இடம்தான் இப்போது கெட்டி!

இந்த வாரம் நான் சொல்லப்போகிற தூண்டில் நூலின் ரகசியம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையத்தில் என் அக்கா வீடு. கடலைப் பார்க்கவேண்டுமென்றால் கடலூர் வரை பஸ் ஏறவேண்டிய ஊர். ஆனாலும், ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டால், ஊரில் பாதிப் பையன்கள் மீனவர்கள்தான். மூங்கில் கழி, தக்கை, தங்கூஸ் நரம்பு, முள், கொட்டாங்கச்சி நிறைய மண்புழு. மொத்த முதலீடு 50 ரூபாயைத் தாண்டாது.

அக்கா மகன் அதைத் தாண்டிவிட்டான். ராடு, ரீல், பிளாஸ்டிக் தவளை, கூடவே ஆன்லைனில் வரவழைத்த பச்சை நூல்கண்டு ஒன்று.

"என்னடா இது, தையல் நூல் மாதிரி இருக்கு?"

"பின்னல் நூல் மாமா. அறுவாது. இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். விரலில் சிவப்பாக ஒரு கோடு விழுந்ததுதான் மிச்சம். டப்பாவில் 30 பவுண்டு என்று போட்டிருந்தது. நம் கணக்கில் 13.6 கிலோ. அரிசிச் சிப்பத்தில் பாதியைத் தொங்கவிடலாம். அதே பருமனில் தங்கூஸ் வாங்கினால் 8 பவுண்டு, அதாவது மூன்றரை கிலோவைத் தாங்கினாலே பெரிய விஷயம்.

தங்கூஸ் என்பது நைலான். 1935-ல் அமெரிக்காவில் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் கண்டுபிடித்தது. இந்தப் பச்சை நூலோ பாலிஎத்திலீன். ஆமாம், நம் கேரி பேக், வாளி, குடம் எல்லாம் எதுவோ, அதேதான்! கேரி பேக்கில் அதன் மூலக்கூறு இழைகள் இடியாப்பம் மாதிரி சுருண்டு, சிக்கிக் கிடக்கின்றன. இன்னும் மிக நீளமான இழைகளை எடுத்து, கரைத்து, கூழாக்கி, நூலாக இழுத்தால், எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி மாதிரி எல்லாம் ஒரே திசையில் படிந்துவிடும். நெதர்லாந்தில் டி.எஸ்.எம். கம்பெனியின் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1979-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள். டைனீமா என்று பெயர். எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பத்து மடங்குக்கு மேல் பலம். குண்டு துளைக்காத சட்டைக்குள் வைக்கிறார்கள். 1990-களில் தூண்டிலுக்கும் வந்துவிட்டது.

இழை மட்டும் போதாது, பின்னவேண்டும். கோயில் விழாவில் பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். நடுவிலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பாதிப் பேர் இடமாகவும் பாதிப் பேர் வலமாகவும், ஒருவர் உள்ளே ஒருவர் வெளியே என்று சுற்றிவர, அழகாக ஒரு பின்னல் விழும். நூல் பின்னும் இயந்திரமும் அதே கோலாட்டம்தான் ஆடுகிறது. 4 இழை, 8 இழை என்று ரகம். எட்டு வழவழப்பு. நான்கில் ஒவ்வொரு இழையும் தடிமன் என்பதால் உராய்வைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

கெண்டைக்கும் ஜிலேபிக்கும் இதெல்லாம் தேவையில்லை. விரால்தான் விஷயம். அது தாமரைக்கொடிக்கும் கோரைக்கும் நடுவே ஒளிந்திருக்கும். தவளையைக் கவ்வியதும் நேரே புதருக்குள் பாயும். நைலான் ரப்பர் போலக் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். அதற்குள் மீன் கொடியைச் சுற்றிவிடும். பின்னல் நூல் இழுபடுவதே இல்லை என்று சொல்லலாம். சுண்டினால் சுண்டல் நேரே முள்ளுக்குப் போகும்.

பி.காம். படித்தவன் என்பதால் எதைப் பார்த்தாலும் எனக்குத் தேய்மானம் ஞாபகத்துக்கு வரும். நைலான் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் பலம் குறையும். வெயிலில் கிடந்தால் இன்னும் குறையும். பின்னல் நூல் தண்ணீரைக் குடிக்காது, மிதக்கும். சாயம் வெளுக்கும், பலம் அவ்வளவாகப் போகாது. முனையில் சில மீட்டர்தான் கல்லிலும் முள்ளிலும் உரசிப் பஞ்சு பஞ்சாகும். அதை வெட்டிவிட்டு, ஒரு சீசன் முடிந்ததும் நூலைத் திருப்பிச் சுற்றினால் உள்ளே இருந்த புதுப் பகுதி முன்னால் வந்துவிடும். ஒரு கண்டுக்கு இரண்டு ஆயுள். எனக்குப் பிடித்த கணக்கு!

சூட்டுக்கு மட்டும் ஆகாது. 150 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். வழவழப்பு என்பதால் சாதாரண முடிச்சு நழுவும். முடிச்சைத் தண்ணீரிலோ எச்சிலிலோ நனைத்து இறுக்கவேண்டும். எவ்வளவு பெரிய நூலானாலும் பெரும்பாலும் அறுவது முடிச்சில்தான்.

ஏரிக்கரையில் தங்கூஸ் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கு இந்த நூலைக் கண்டாலே ஆகவில்லை.

"ரெண்டு கிலோ மீனுக்கு எதுக்குடா யானை கட்ற கயிறு?"

அன்றைக்கே பதில் கிடைத்தது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரத்து வேரில் தவளை மாட்டிக்கொண்டது. பையன் நூலைக் கையில் சுற்றி இழுக்கப் போனான். "டேய், கையில சுத்தாத! வெரலு போயிடும்!" என்று பெரியவர் கத்தினார். அவர் சொன்னது மிகையில்லை. மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான், செயற்கை மாஞ்சாக்களை நாடு முழுக்கத் தடை செய்தது. ஒல்லியான, இழுபடாத நூல் எதுவானாலும் அதற்குச் சதையும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்.

கடைசியில் ஒரு குச்சியில் சுற்றி இழுத்தான். அறுந்தது. எங்கே? எங்கள் கையருகே! முப்பது மீட்டர் நூல் ஏரியோடு போனது.

பருத்தி நூல் காலத்தில் கவலை இல்லை. நாளடைவில் ஏரியே அதைத் தின்றுவிடும். இது மக்காது. கோடையில் தண்ணீர் வற்றினால் ஆடு, மாடு மேயும் தரை அது. கொக்கு காலை வைக்கும் இடம்.

மறுநாள் பெரியவர் தன் தங்கூஸில் அரை மீட்டர் வெட்டி, பச்சை நூலின் முனைக்கும் தவளைக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். 20 பவுண்டு நரம்பு, 9 கிலோ தாங்கும். விரால் பல்லின் உராய்வுக்கும் அதுவே தேவலை. வீட்டு மெயினில் ஃபியூஸ் கம்பி போடுவது மாதிரி, அறுந்தால் அந்த இடத்தில்தான் அறும்.

சாயங்காலம் மறுபடி வேரில் மாட்டியது. குச்சியில் சுற்றி இழுத்தான். 'பட்'.

"தவள போச்சு மாமா. இருநூத்தம்பது ரூபா!"

"நூலு வந்துச்சா?" என்றார் பெரியவர், தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வந்துச்சு."