நாற்பது நொடிக்கு ஒருமுறை

ஆனி, செவ்வாய் இரவு

ஆற்றங்கரைக் காட்சிக்கான இசையை நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். விழுப்புரத்தில் பொறியியல் படிக்கிறான். கோடோ என்ஜினில் சின்னதாக ஒரு மொபைல் கேம் செய்கிறான். மலட்டாற்று மணலில் ஒரு பையன் ஓடுவான், ஊற்று தோண்டுவான், வெள்ளம் வருமுன் கரையேற வேண்டும். இசை என் பொறுப்பு.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "செமயா இருக்கு மச்சி." அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்றாள். இரண்டு பேரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதை வைத்து எந்த இடத்தில் கை வைப்பது? புதிதாக இசையமைக்க வருகிறவனுக்குப் பாராட்டு தெம்பு தரும், அடுத்த வேலையைக் காட்டித் தராது.

ஆனி, ஞாயிறு

அக்கா பெண் வந்திருந்தாள். இசையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனைக் கையில் கொடுத்தேன். ஓடினாள், விழுந்தாள், மறுபடி ஓடினாள். சற்று நேரத்தில் கட்டைவிரல் தானாகப் போய் ஒலியைக் குறைத்தது. பிறகு முழுக்கவே அணைத்துவிட்டாள். விளையாட்டை மட்டும் விடவில்லை.

ஏன் அணைத்தாய் என்று கேட்டால், "அந்தப் புல்லாங்குழல் சும்மா சும்மா வருது மாமா" என்கிறாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இசைத் துண்டின் நீளம் நாற்பது நொடி. ஒரே கட்டத்தில் பத்து நிமிடம் சிக்கிக்கொள்கிற பிள்ளை அதைப் பதினைந்து முறை கேட்கும். அம்மாவும் நண்பனும் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு நல்லா இருக்கு என்றார்கள். எங்களை மயக்கிய அந்தக் குழல் கமகம்தான் அவளை விரட்டியிருக்கிறது. சினிமாப் பாட்டில் பல்லவி திரும்ப வருவதற்குள் சரணம் வந்து இளைப்பாற்றும். இங்கே அதற்கு இடமில்லை.

கம்பரைப் போற்றி வளர்த்த சடையப்ப வள்ளலின் ஊர்தான் எங்கள் ஊர். ராமாயணத்தில் நூறு பாட்டுக்கு ஒருமுறை வள்ளலைப் பாடி வைத்திருந்தாராம் கம்பர். அரங்கேற்றத்தில் கேட்டவர்கள் இது அதிகம் என்று தடுக்க, ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்தாராம். சின்ன வயதிலிருந்து கேட்ட செவிவழிக் கதை. நன்றிக் கதையாகத்தான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இன்றைக்கு அது திரும்ப வருதலைப் பற்றிய கதையாகப் படுகிறது. பாட்டில் குறை இருப்பதாக அந்தச் சபை சொல்லவில்லை; அடிக்கடி வருகிறது என்றுதான் சொன்னது.

ஆனி, புதன்

நண்பன் இந்த முறை உருப்படியாக இரண்டு சொன்னான். ஒன்று, போனில் பாஸ் கேட்கவே இல்லையாம். ஹெட்போனில் நெஞ்சை அதிரவைத்த அந்த அடி ஓசையைச் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடுகிறது. அதே வரிசையை ஒரு ஸ்தாயி மேலேயும் சேர்த்து வைக்க வேண்டும். இரண்டு, சுற்று முடிந்து தொடங்கும் இடத்தில் ஒரு துளி மௌனம். அது எம்பி3 கோப்பின் வேலை. முனைகளில் வெற்றிடத்தைச் சேர்த்துவிடும். ஆக் (OGG) கோப்பாக மாற்றியதும் போய்விட்டது.

ஆடி, சனி விடியற்காலை

பக்கத்து ஊர் திரௌபதியம்மன் திருவிழா. ராத்திரி முழுக்கக் கூத்து. மத்தளம் வாசித்தவர் அப்பா வழியில் எனக்குப் பெரியப்பா முறை. ஆடுகளத்தின் பின்னால், ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார்.

முன்னால் இருந்து பார்த்தபோதெல்லாம் கண்ணில் படாத ஒன்று அங்கிருந்து தெரிந்தது. பெரியப்பா மத்தளத்தைப் பார்ப்பதே இல்லை. வேஷக்காரரின் காலைத்தான் பார்க்கிறார். துரியோதனன் சுற்றி ஆடி மூச்சு வாங்கினால் அதே அடி இன்னும் நாலு சுற்று நீளும். திடீரென்று அவர் வசனத்துக்குத் திரும்பினால் அந்தக் கணமே தீர்மானம் வைத்து நிறுத்துகிறார். முகவீணையும் கூடவே அடங்குகிறது. எத்தனை சுற்று என்று யாரும் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை.

இடைவேளையில் டீ குடிக்கும்போது என் இசையைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"பாட்டு நல்லாருக்குடா தம்பி. உன் ஆட்டக்காரன் எங்க?"

"கேம்ல ஓடுறான் பெரியப்பா."

"அவன் ஓடுறது உன் பாட்டுக்குத் தெரியுதா? அவன் விழுந்தா இது நிக்குதா? நீ பாட்டுக்கு வாசிச்சுக்கினு போனா, அவன் இன்னா பண்ணுவான்?"

எனக்குக் கிடைத்த கருத்துகளில் இதற்கு ஈடாக ஒன்று இல்லை. அந்த விளையாட்டை அவர் பார்த்ததுகூடக் கிடையாது.

அவர் கேட்டதை வீடியோ கேம்கள் முன்பே செய்திருக்கின்றன. 1978-இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் இருந்தது நாலே நாலு சுரம். இறங்கு வரிசை. எதிரிகள் குறையக் குறைய அது வேகம் பிடிக்கும். ஆட்டத்தைப் பார்த்து வாசித்த இசை அது. சூப்பர் மரியோவுக்கு (1985) கோஜி கொண்டோ முதலில் போட்டது நிதானமான மெட்டு. விளையாட்டு உருமாறி மரியோவின் ஓட்டம் வேறானதும் அது பொருந்தாமல் போக, வேகத்தைக் கூட்டினார். அவருக்கும் மரியோவின் கால்தான் சொல்லியிருக்கிறது.

ஆடி, வியாழன்

"வெண்பா மாதிரி பாட்டாவே போட்டுடேன்" என்கிறான் நண்பன். வெண்பா, டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட விளையாட்டு. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. 2024-இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. இசையமைத்தவர் ஆல்ஃபா சம்திங். அம்மா சமைக்கும்போது வானொலியில் பாட்டு ஒலிக்கும். அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாகப் போட்டவை. இட்லி வேகும் நேரத்தில் என் அம்மாவின் சமையலறையிலும் பாட்டு ஓடும். அதனால்தான் அது அவ்வளவு இயல்பாக உட்கார்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு அது.

ஆனால் அங்கே யாரும் உயிருக்குப் பயந்து ஓடவில்லை. ஆற அமர ஒரு பாட்டைக் கேட்க நேரம் இருக்கிறது. எங்கள் பையனுக்குப் பின்னால் வெள்ளம் வருகிறது. நண்பன் யோசனையில் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: நம் காதுக்குப் பழகிய ஒலி வேண்டும் என்கிறான். அது சரியான ஆசை. பாட்டு என்பது அவன் சொன்ன வழி. வழியை நான் வேறு பார்த்துக்கொள்கிறேன்.

ஆடி, ஞாயிறு

இசையைப் பிரித்துவிட்டேன். ஒரே தாளம், ஒரே நீளம், மூன்று அடுக்கு. அடியில் சுருதியும் மெல்லிய தாளமும் மட்டும், எப்போதும் ஓடும். வெள்ளம் நெருங்க நெருங்கப் பம்பை ஏறும். பையன் மேட்டில் ஏறி நின்றால் அடங்கும். புல்லாங்குழல் ஊற்றில் தண்ணீர் சுரக்கும்போது மட்டும், ஒரே ஒரு முறை.

இனி அனுப்பும்போது கூடவே கேள்வியும் போகும். எங்கே ஒலியைக் குறைத்தாய்? வெள்ளம் வருவது கண்ணுக்கு முன் காதுக்குத் தெரிந்ததா? குதிக்கிற சத்தத்தை எந்த வாத்தியம் மூடுகிறது? எப்படி இருக்கு என்று மட்டும் கேட்கப் போவதில்லை; அதற்கு யாராக இருந்தாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

அக்கா பெண் மாலை முழுக்க விளையாடினாள். ஒலியை அணைக்கவில்லை. பம்பைதான் சீக்கிரமே வந்து பயமுறுத்துகிறதாம், வெள்ளம் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே. நண்பனிடம் சொன்னேன், எந்தத் தூரத்தில் பம்பை தொடங்க வேண்டும் என்கிற எண்ணை நிரலில் மாற்றிப் புதிய கோப்பை நாளைக்கு அனுப்புகிறான்.