மயில்கழுத்து நிறமும் மடிக்கணினியும்

ஆரணி என்றதும் பட்டுச் சேலைதான் உங்கள் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டிலும் தறிச் சத்தத்தோடுதான் பொழுது விடியும். அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றித் தருவார். கல்லூரியில் படித்த நாட்களில் படம் திருத்தவும் இணையப் பக்கம் அமைக்கவும் நான் பழகியது அந்தத் தறிக்குப் பக்கத்தில்தான்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. காசில்லாமல் கிடைக்கும் 'கிம்ப்' என்ற மென்பொருளை அதில் போட்டுக்கொண்டேன். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நிறம். எட்டிப் பார்த்த அப்பா, "அட, நம்ம புட்டா வரையற கட்டத்தாள் மாதிரியே இருக்குதே!" என்றார்.

உண்மைதான். தறியின் ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டையில் துளை இருந்தால் பாவு இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய முறை அது. கணினிக்கு முன்னோடியான இயந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், இந்தத் துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அதைக் கேட்டபின் கணினி எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

சொந்தமாக நெய்த சேலைகளை வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட ஓர் இணையப் பக்கம் அமைத்தேன். தலைப்பு எது, பத்தி எது, படம் எங்கே என்று எச்.டி.எம்.எல். குறிகளால் எழுதுவது சில வாரங்களில் பிடிபட்டது. செல்போனில் எடுத்த பெரிய படத்தை 800 புள்ளி அகலத்துக்குச் சுருக்கினால் பக்கம் சட்டென்று திறக்கும் என்பதும் புரிந்தது.

நிறம்தான் பெரும்பாடு. ஊருக்கு வந்திருந்த மாமா, "கொஞ்சம் பளபளப்பு ஏத்தும்மா, பார்க்கறவங்க மயங்கணும்" என்றார். அப்பா தறியை நிறுத்திவிட்டார். "கையில பிரிச்சுப் பார்க்கறப்போ மங்கலா தெரிஞ்சா, அப்புறம் நம்ம பேச்சை யாரு நம்புவாங்க?"

பல நாள் உழைத்த சேலை திரும்பி வந்தால் போட்ட முதல் முடங்கும். அடுத்த பாவுக்குப் பட்டு வாங்கப் பணம் இராது. ஆகவே பளபளப்பை விட்டு, உள்ளபடி காட்டுவதையே பழகினேன். குழல்விளக்கில் எடுக்காமல், காலை வெளிச்சத்தில் வாசலோரம் எடுப்பேன். சேலையோடு ஒரு வெள்ளைத் தாளையும் வைப்பேன். அந்தத் தாள் படத்திலும் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்வேன்.

கடைசித் தீர்ப்பு அம்மாவுடையது. மயில்கழுத்துச் சேலையின் படத்தைப் பார்த்து, "இது வெறும் பச்சைடி! நீலம் எங்கே போச்சு?" என்பார். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் அந்தப் பட்டு திரும்பும் பக்கமெல்லாம் வேறாய் மின்னும். ஒரே படத்தில் அது அடங்காது. விரித்து ஒன்று, மடிப்போடு ஒன்று என இரண்டு படம் போட்டு, பாவு நிறத்தையும் ஊடை நிறத்தையும் எழுத்திலும் சொன்ன பிறகே அம்மா தலையசைத்தார்.

சகோதரிகளே, பிள்ளைகள் கணினியில் படம் திருத்தும்போது, 'நமக்கென்ன தெரியும்' என்று அடுப்படிக்குள் ஒதுங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவர்கள் சொல்லித் தருவார்கள். அரக்குக்கும் சிவப்புக்கும் உள்ள பேதத்தை நீங்கள்தான் சொல்லித் தரவேண்டும்.