சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட்டாதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி வெள்ளம் ஏரலைச் சூழ்ந்தது. அங்குள்ள வாழை விவசாயி ஒருவரின் சரக்கு வண்டியும் பாதி மூழ்கியது. சேற்றைக் கழுவி, பேட்டரியை மாற்றி, ஊருக்குள் மட்டும் கொஞ்சம் ஓட்டினார். வாழையும் போன நேரம். இன்ஜின் ஆயில் செலவைத் தள்ளிப்போட்டார்.

பொங்கலுக்கு முன், மிஞ்சிய தார்களை ஏற்றித் தூத்துக்குடிக்குப் புறப்பட்டார். முக்காணி அருகே ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. "சுவிட்ச் கோளாறா இருக்கும், ஓட்டுங்க" என்றார் உடன் வந்தவர். மண்டிக்கு நேரமாகிறது. ஆனாலும் இன்ஜினை நிறுத்தி, தெரிந்த மெக்கானிக்கை அழைத்தார். தார்கள் வேறு வண்டியில் போயின, வாடகை தனி.

"நிறுத்துனீங்களே, நல்லதாப் போச்சு அண்ணாச்சி" என்றபடி மெக்கானிக் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் குறையவில்லை, கூடியிருந்தது. நிறம் பால் கலந்த டீ மாதிரி. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. அதில் எண்ணெய்ப் படலமும் இல்லை. ஆகவே உள்ளே போனது வெள்ள நீர்தான்.

வண்டியைக் கட்டி இழுத்துப் போய் ஆயில் சம்ப்பைக் கழற்றினார்கள். பம்ப் ஆயில் உறிஞ்சும் சல்லடையைக் கூழ் அடைத்திருந்தது. கழுவி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டார்கள். சுவிட்ச் இருந்த இடத்தில் அழுத்தமானி மாட்டி, இன்ஜின் சூடான பிறகும் பார்த்தார்கள்; அழுத்தம் சரியாக நின்றது. பேரிங் தப்பியது.

அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. வெள்ளத்தில் நின்றது டிராக்டரோ, டீசல் பம்ப்செட்டோ, ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள்.