வார்டில் கிடைக்காத பாடம்

பிளேக் பயத்தில் விரிந்த பெங்களூர்ப் பகுதி, மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் ஒரு வகுப்பறை.

பெங்களூர் கன்டோன்மென்ட்டின் பழைய முகத்தைக் காண விரும்புகிறவர்கள் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வரலாம். பூங்கா, நேர்கோட்டில் ஓடும் தெருக்கள், நிழல் மரங்கள், அடுக்குமாடிகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த சில ஓட்டு பங்களாக்கள். பெயர் வந்தது எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸிடமிருந்து. இங்கே கலெக்டராக இருந்தபோது 1909ல் மிதிக் சொசைட்டி உருவாகக் காரணமானவர். சேலம் மாவட்ட கெஜட்டியரை எழுதியவரும் அவரே.

இந்த அமைதிக்குப் பின்னால் ஒரு கொள்ளைநோய் இருக்கிறது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. நெரிசலான பேட்டைகளில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். பயந்துபோன நிர்வாகம் நகரத்தை விரித்தது. கன்டோன்மென்ட் பக்கம் ஃப்ரேசர் டவுன் எழுந்தது. பிளேக் அண்டாத வீடுகளையும் தெருக்களையும் அமைப்பது எப்படி என்று நகராட்சிப் பொறியாளர் ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் 1914ல் ஒரு புத்தகமே எழுதினார். அக்கம்பக்கத்து 'டவுன்'கள் வளர்ந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான். மருந்து கைகொடுக்காத நோயை ஜன்னலாலும் சாக்கடையாலும் தடுக்க முயன்ற காலம் அது. நோய் உடம்பில் மட்டும் குடியிருப்பதில்லை என்பதை மருத்துவ மாணவர் இந்தத் தெருக்களிலேயே படித்துக்கொள்ளலாம்.

பக்கத்திலுள்ள கூக் டவுனில்தான் 1963ல் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி தற்காலிக இடத்தில் தொடங்கியது. பிறகு கோரமங்கலாவுக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரிச் சுவர்களுக்கு வெளியே போய்ப் படிப்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே இருந்த வழக்கம்.

1971ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வங்கத்துக்குள் வந்தபோது, முகாம்களில் பணியாற்றப் போன இளைஞர்களில் செயின்ட் ஜான்ஸைச் சேர்ந்த ரவி நாராயணும் ஒருவர். அந்த முகாம்கள் மருத்துவ உலகுக்கே ஒரு பாடம் நடத்தின. எல்லையோர முகாம் ஒன்றில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோகும் நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். ஊட்டியவர்களில் பெரும்பாலோர் உறவினர்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஊசி போடத் தெரியாத ஒரு தாய், கையில் டம்ளருடன் உயிரைக் காப்பாற்றினாள்.

பின்னர் செயின்ட் ஜான்ஸில் ஆசிரியரான ரவி நாராயண், மனைவி தெல்மா நாராயணுடன் 1984ல் அந்த வேலையை விட்டு, கம்யூனிட்டி ஹெல்த் செல் என்ற அமைப்பைத் தொடங்கினார். மக்கள் மத்தியில் போய்க் கற்க விரும்பும் இளம் மருத்துவர்கள் பலருக்கு அது வழிகாட்டியது.

கற்பதற்கு இன்றும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனுக்குச் சற்று வடக்கே காடுகொண்டனஹள்ளி. எல்லோருக்கும் கே.ஜி. ஹள்ளி. நெருக்கமான வீடுகள்; உருது, தமிழ், கன்னடம் கலந்த பேச்சு. அங்கே 9,000க்கும் மேற்பட்ட வீடுகளில் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2012ல் வெளியாயின. நீடித்த நோயுள்ளவர்கள் இருந்த வீடுகளில் சுமார் 70 சதவீதம் புறநோயாளிச் சிகிச்சைக்குக் கைக்காசைச் செலவழித்திருந்தன. நோயுள்ளவர்கள் இருந்த எல்லா வீடுகளையும் எடுத்துக்கொண்டால், 16 சதவீத வீடுகளில் அந்தச் செலவு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியது.

வார்டில் நிற்கும் மாணவருக்குத் தெரிவது 'சர்க்கரை கட்டுக்குள் இல்லை' என்ற ஒரு வரி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மீதி தெரியும். மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கப்படுகிறது, மாதக் கடைசியில் அதுவும் இல்லை. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று அந்த அம்மாள் சொல்வதில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே, அதுவும் இரண்டாம் மூன்றாம் சந்திப்பில்தான் இது வெளியே வரும்.

2022 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இடம்பெற்றுள்ளது. முதலாண்டிலேயே மாணவர்கள் கிராமக் குடும்பங்கள் சிலவற்றைப் பொறுப்பேற்றுத் தொடர்ந்து சந்திக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டாயம் வந்த இடத்தில் கையெழுத்துக்காகப் போகும் பழக்கமும் வந்துவிடலாம். கிராமத்தைக் குறிவைக்கும் இந்த ஏற்பாட்டில் நகரத்துச் சந்துகள் விடுபடுகின்றன. அங்கே தொண்டு மனப்பான்மைதான் துணை.

தொண்டிலும் ஒரு கேள்வி உண்டு: லாபம் யாருக்கு? ரத்த அழுத்தம் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பி வராத மாணவருக்கு அனுபவம் கிடைக்கிறது. அந்த வீட்டுக்கு எதுவும் கிடைப்பதில்லை. மருந்து எழுதும் உரிமை மாணவருக்குக் கிடையாது. ஆனால் பழைய சீட்டைப் படித்துச் சொல்லலாம். அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் கூட நிற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வருவதாகச் சொன்ன நாளில் வரலாம்.

நூற்றாண்டுக்கு முன் பிளேக்குக்குப் பயந்து அகலத் தெருக்கள் போட்டவர்கள், கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு நெரிசல் மிஞ்சும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பூங்காவிலிருந்து அந்தச் சந்துகளுக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள். மருத்துவப் படிப்பில் அதைவிட நீளமான பயணம் வேறில்லை.