ஊசி ஃப்ரீ... காய்ச்சல்?

'ஊசி போட்டாச்சா?' - 2021-ல தமிழ்நாட்டுல ரெண்டு பேர் சந்திச்சா 'சாப்டாச்சா?'வுக்கு முன்னாடி வந்த கேள்வி இதுதான். இப்போ யாரும் கேக்கறதில்ல. ஆனா போன செமஸ்டர்ல எங்க காலேஜ் பட்டிமன்றத்துல திடீர்னு அது உயிரோட எழுந்து வந்துச்சு. தலைப்பு: 'தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா, கூடாதா?'

ரெண்டு டீமும் பட்டையைக் கிளப்புனாங்க. ஒருத்தன் 2022 ஜனவரியில ஆஸ்திரேலியா திருப்பி அனுப்பின டென்னிஸ் ஸ்டார் ஜோகோவிச்சைப் பிடிச்சுக்கிட்டான். இன்னொருத்தி அமெரிக்கா, பிரான்ஸ்னு உலகத்தையே சுத்தி வந்தா. எல்லாம் ஓகே பாஸ்... பெங்களூரு ஹைவேயில பஸ் ஏறினா அரை மணி நேரத்துல வர்ற ஸ்ரீபெரும்புதூர் பத்தி ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை. அதான் நான் திறக்கறேன்!

எங்க ஊர் செம்பரம்பாக்கம். பேரைச் சொன்னதும் '2015 டிசம்பர் வெள்ளம்தானே?'ன்னு கேப்பீங்க. எங்களுக்கு ஏரியைவிட முக்கியமானது ஷிஃப்ட் பஸ். விடிகாலையில ஒரு கூட்டம் ஏறும், ராத்திரி ஒரு கூட்டம் இறங்கும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம்... ஏதாவது ஒரு கேட் வாசல்லதான் ஊர்ல பாதிப் பேரோட சாப்பாடு இருக்கு.

2021 மே மாசம். ரெண்டாவது அலை உச்சத்துல இருந்துச்சு. ஊரே லாக்டவுன்ல இருக்க, கார் கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு. ஒரகடத்துல ரெனால்ட் - நிஸான் தொழிற்சங்கம் 'லைன்ல இடைவெளி விட்டு வேலை செய்ய முடியலை'ன்னு சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்ல தொழிலாளிங்க வேலையை நிறுத்திட்டு உட்கார்ந்தாங்க. அதுக்கப்புறம்தான் அஞ்சு நாள் ஆலையை மூடினாங்க. அப்போ அந்த லைன்ல நின்னவங்க பயந்தது ஊசிக்கு இல்லை, ஊசி போடாமலே ஸ்டேஷன்ல பக்கத்து ஆளோட தோளை உரசிக்கிட்டு நிக்கறதுக்கு. 'கட்டாயமா, இல்லையா'ங்கற சண்டை வர்றதுக்கு முன்னாடி நடந்தது, 'எங்களுக்கு எப்போ?'ங்கற சண்டை. பட்டிமன்றத்துல இதை ஒருத்தர் சொல்லியிருந்தாலே பாதித் தலைப்பு காலி.

பயமே இல்லைன்னு சொல்ல வரலை. 2021 ஏப்ரல் 15 நடிகர் விவேக் ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு, எல்லாரும் போட்டுக்கங்கன்னு சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி போய்ட்டார். அவர் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டர்கள் அப்பவே சொன்னாங்க, மத்திய அரசோட நிபுணர் குழுவும் பிறகு அதையே சொல்லுச்சு. ஆனா எங்க ஆயா டி.வி-யில அவர் முகத்தைப் பார்த்த நிமிஷமே முடிவு பண்ணிடுச்சு: 'நம்ம வூட்ல ஒருத்தரும் வாணாம்.' எந்தக் குழுவோட அறிக்கையும் எங்க ஆயாவை ஜெயிச்சதில்ல.

சித்தப்பாவும் போட்டுக்கலை. எல்லாரும் விவேக் மேட்டர்னு நினைச்சோம். மெதுவா கேட்டப்போதான் விஷயம் வந்துச்சு. 'போட்டா ரெண்டு நாள் ஜுரம் வருதாமே, எவன்டா அந்தக் கூலியைத் தருவான்?' அவர் கான்ட்ராக்ட் ஆள். அப்போ ஒரு நாள் கூலி 480 ரூபாய். மாசத்துல ஒரு நாள் லீவு போட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் கட். அதே கம்பெனியில பர்மனென்ட் ஆளுங்களுக்கு உள்ளேயே கேம்ப் போட்டு, மறுநாள் சம்பளத்தோட லீவும் குடுத்தாங்க. ஒரே கேட், ஒரே கேன்டீன், ஒரே வைரஸ். ஜுரத்துக்கு மட்டும் ரெண்டு ரேட்!

ஆகஸ்ட் கடைசியில கான்ட்ராக்டர் சொல்லிட்டார்: 'சர்ட்டிஃபிகேட் இல்லாம கேட் பாஸ் கிடையாது.' சித்தப்பா நம்பலை. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு டிபன் பாக்ஸோட போனார். நாலு நாள் போனார், நாலு நாளும் செக்யூரிட்டி திருப்பி அனுப்பினார். எழுத்துல ஒரு நோட்டீஸ் கிடையாது, கையெழுத்து கிடையாது. யார்கிட்ட போய் கேக்கறது? கம்பெனி 'கான்ட்ராக்டரைக் கேளு'ங்குது, கான்ட்ராக்டர் 'கம்பெனி ரூல்'ங்கறார்.

செப்டம்பர் 12, ஞாயித்துக்கிழமை முதல் மெகா கேம்ப். 20 லட்சம் டார்கெட் வெச்சு, ஒரே நாள்ல 28 லட்சம் ஊசியைத் தாண்டினாங்க. அதுல ஒண்ணு சித்தப்பா கைக்கு. திங்கள், செவ்வாய் போர்வைக்குள்ள. புதன்கிழமை கேட் திறந்துச்சு. ஆக, ஆறு நாள் கூலி காலி. ரெண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருந்து டிசம்பர்ல போட்டார். அப்போ ஜுரம் வரலை, ஆயா வேண்டுதல்னு ஆயா சொல்லுச்சு.

இதுக்கு நடுவுல ஊர்ல நடந்த கூத்து தனி. நீலகிரியில சர்ட்டிஃபிகேட் காட்டினாதான் டாஸ்மாக்ல சரக்குன்னு அறிவிச்சாங்க. கோவளத்துல மீனவர்களுக்கு ஊசி போட்டா பிரியாணி, குலுக்கல்ல தங்கக் காசு. அக்டோபர்ல மெகா கேம்பை ஞாயித்துக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாத்தினாங்க. கறியும் குடியும் இருக்கற நாள்ல ஊசி போட ஜனங்க தயங்கறாங்கன்னு அமைச்சர் மா.சுப்பிரமணியன் காரணம் சொன்னார். கேட்டுட்டு எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க... சனிக்கிழமை சாயங்காலம் ஊசி போட்டா ஜுரம் ஞாயித்துக்கிழமை வரும், கூலி தப்பிக்கும்! காரணம் வேற, பலன் சூப்பர். ஒரு மாசம் முன்னாடி மாத்தியிருந்தா சித்தப்பாவுக்கு ஒரு நாள் கூலியாவது மிஞ்சியிருக்கும்.

நவம்பர்ல பொது சுகாதாரத் துறை, 1939-ம் வருஷ பொது சுகாதாரச் சட்டத்தைக் கையில எடுத்து, கடை, தியேட்டர்னு பொது இடத்துக்கு ஊசி போட்டவங்கதான் வரணும்னு சொல்லுச்சு. விஷயம் சுப்ரீம் கோர்ட் போய், 2022 மே 2-ம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்குல தீர்ப்பு வந்துச்சு. அவர் குழந்தைகள் டாக்டர். யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடம்பு அவரவர் உரிமைன்னு கோர்ட் சொல்லுச்சு. அதே மூச்சுல அரசோட தடுப்பூசிக் கொள்கை தப்பில்லைன்னும், பொது நன்மைக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம்னும் சொல்லுச்சு. ஆனா ஊசி போடாதவங்கதான் அதிகமா பரப்பறாங்கன்னு காட்ட அரசுங்க டேட்டா எதுவும் தரலை, அதனால தொற்று கம்மியா இருக்கற வரைக்கும் அந்தத் தடை பொருத்தமில்லைன்னுச்சு. பட்டிமன்றத்துல ரெண்டு டீமுமே இந்தத் தீர்ப்பைத் தங்களுக்குச் சாதகமா கோட் பண்ணலாம். பண்ணலையே!

நான் எந்தப் பக்கம்னு கேக்கறீங்களா? ஊசி பக்கம். பதினொண்ணாவது படிக்கும்போது 2022 ஜனவரியில ஸ்கூல்லயே வரிசையில நின்னு கோவாக்சின் போட்டுக்கிட்டவன். மத்தியானம் தூங்கினேன், அவ்ளோதான். எனக்கு அது ஒரு ஃப்ரீ லீவு. அதனாலதான் 'கட்டாயம்'ங்கற வார்த்தையை அவ்ளோ ஈஸியா சொல்ல மாட்டேங்கறேன். ஊசியைக் கட்டாயமாக்கற கம்பெனி, மறுநாள் லீவையும் கட்டாயமாக்கட்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்துதான். 480 ரூபாயில ஒரு குடும்பத்தோட பயம் பாதி போயிருக்கும். மீதிப் பாதிக்கு ஆயாவை நான் பார்த்துக்கறேன்.

இன்னொரு கடுப்பு. ஒரகடம் ரோட்டைப் பிடிச்சு சிங்கப்பெருமாள்கோவில் போய், அங்கேர்ந்து செங்கல்பட்டு போனா திருமணி. அங்க 600 கோடிக்குக் குறையாம கொட்டிக் கட்டின மத்திய அரசு தடுப்பூசி வளாகம் இருக்கு. 2021 மே-யில முதல்வர் ஸ்டாலின் நேர்ல போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குடுங்க, நாங்க ஓட்டறோம்னு டெல்லியில கேட்டார். கடைசி வரைக்கும் அங்கேர்ந்து ஒரு சொட்டு கொரோனா ஊசி மருந்து வெளியே வரலை. எங்க ஏரியாவுல கார் வரும், போன் வரும், டயர் வரும். தேவைப்பட்ட நேரத்துல அது மட்டும் வரலை.

சித்தப்பாவுக்குப் போன மாசம் புது கான்ட்ராக்டர். ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோன்னு ஒரு லிஸ்ட் குடுத்தாங்க, நான்தான் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். ஃபைல்ல லேமினேட் பண்ணின ஊசி சர்ட்டிஃபிகேட்டும் இருந்துச்சு. 'இதை யாரும் கேக்கலையே, வெளிய எடுத்துடட்டுமா சித்தப்பா?'ன்னேன்.

'வைடா அங்கியே. ஆறு நாள் கூலி அது.'