கார்லைல் மாணவர்களின் காற்பந்துப் பருவம்



தாய்மொழியில் பேசிய பிள்ளைகளைத் தண்டித்த ஒரு பள்ளியின் காற்பந்து அணியைப் பற்றி இன்று எழுதுகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த கார்லைல் பூர்வகுடித் தொழிற்பள்ளிதான் அது. 1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் இராணுவ அதிகாரி பழைய படைமுகாம் ஒன்றில் அதைத் தொடங்கினார். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெள்ளையரைப் போல மாற்றுவதே அதன் நோக்கம். வந்து சேர்ந்ததும் நீண்ட கூந்தலை வெட்டினார்கள். ஆங்கிலப் பெயர்களைச் சூட்டினார்கள். நாள்தோறும் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுக்கும் நமக்கு இந்தப் பெயர் மாற்றத்தின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பள்ளியின் அணிதான் நாட்டின் பெரிய கல்லூரிகளை எதிர்த்து ஆடியது. அவர்கள் ஆடியது நம் பள்ளித் திடலில் காணும் காற்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதுமான அமெரிக்க ஆட்டம். கார்லைல் மாணவர்கள் பெரும்பாலும் எதிரணியினரைவிட எடை குறைந்தவர்கள். ஆகவே வேகத்தையும் உத்தியையும் நம்பினார்கள். 1906இல் பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் கொடுத்தபோது, அந்த உத்தியில் விரைவாகத் தேர்ந்தவர்களுள் இவர்களும் அடங்குவர். பயிற்றுநர் பாப் வார்னர் புதிய ஆட்ட அமைப்புகளை வகுப்பதில் வல்லவர். ஆயினும், வரைந்ததைத் திடலில் ஓடிக் காட்டியவர்கள் மாணவர்களே அல்லவா?

1911இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை 18-15 என வென்றார்கள். அதில் சிறப்பாக ஆடிய ஜிம் தோர்ப், சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். அவருடைய இனப்பெயருக்கு 'ஒளிமிகு பாதை' என்று பொருள் கூறுவர். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பியவர், மீண்டும் பள்ளி அணிக்காக ஆடினார்.

அந்த 1912ஆம் ஆண்டுப் பருவத்தில் 14 ஆட்டங்களில் 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. என் மனத்தில் நிற்பது நவம்பர் 9ஆம் நாள் ஆட்டம். எதிரணி, வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி. வூண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கப் படை லக்கோட்டா மக்களைச் சுட்டுக் கொன்று அப்போது 22 ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. நாளைய படை அதிகாரிகளுக்கு எதிரே அதே மண்ணின் பூர்வகுடி இளைஞர்கள் நின்றார்கள். 27-6 என வென்றார்கள். தோற்ற அணியில் ஆடியவர்களுள் ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனாவர்.

இத்தகைய வெற்றியைக் காட்டி, "அந்தப் பள்ளி நல்லதைத்தானே செய்தது?" என்று கேட்போர் உண்டு. நான் ஏற்கமாட்டேன். கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியைக் காட்டிப் பெற்றோரின் மற்றக் கேள்விகளை அடக்கிவிடும் வழக்கம் எங்கும் உள்ளதுதான். கார்லைலில் அந்தக் கேள்விகளை மாணவர்களே எழுப்பினார்கள். அணியில் ஆடிய கஸ் வெல்ச் முன்னின்று மாணவர்களிடம் கையொப்பம் திரட்டினார். 1914இல் நாடாளுமன்றக் குழு பள்ளிக்கே வந்து விசாரித்தது; விளையாட்டில் ஈட்டிய பணம் செலவான விதமும் அதில் வெளிவந்தது. இராணுவக் கல்லூரியை வென்றதைவிட இந்தக் கையொப்பங்களுக்கே அதிகத் துணிவு தேவைப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

தோர்ப்பின் பதக்கங்களை 1913இல் பறித்தார்கள். முன்பு சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடினாராம், அதுதான் குற்றம். அவரே தனி வெற்றியாளர் என ஒலிம்பிக் குழு மீண்டும் அறிவித்தது 2022இல். அவர் இறந்து 69 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கதையாகச் சொல்லலாம். அவர்கள் ஆவலோடு கேட்பார்கள். சொல்பவர்கள் பள்ளி வளாகத்துக் கல்லறைகளையும் சேர்த்தே சொல்லுங்கள். வீடு திரும்பாமலே இறந்த 180க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே புதைக்கப்பட்டனர். பள்ளி 1918இல் மூடப்பட்டது. அப்பிள்ளைகளின் எஞ்சிய எலும்புகளைத் தோண்டியெடுத்து உறவினரிடம் ஒப்படைக்கும் பணியை, அமெரிக்க இராணுவம் 2017இல்தான் தொடங்கியது.