தூரிகையின் தேர்வு

நாள்தோறும் கையில் எடுக்கும் பொருளைப் பற்றி நாம் சிந்திப்பது அரிது. முகச்சவரத் தூரிகையும் அத்தகையதே. சோப்பை நுரையாக்குவதோடு அதன் பணி முடிவதில்லை. நீர் ஊறினால் முடி மென்மையுறும். மென்மையுற்ற முடியே தோலை வருத்தாமல் அறுபடும். அந்நீரை முடியின் அடிவரை கொண்டு சேர்ப்பது தூரிகையாகும்.

தூரிகைகள் இருவகைப்படும். பன்றி, குதிரை, பேட்ஜர் முதலிய விலங்குகளின் முடியால் ஆனவை ஒருவகை. செயற்கை இழையால் ஆனவை மற்றொரு வகை. நம் முடியைப் போலவே விலங்கின் முடியும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஆதலின் நீரை உறிஞ்சும். பன்றிமுடித் தூரிகை புதிதாக இருக்கையில் விறைத்து நிற்கும். பல வாரப் பழக்கத்தில் நுனி பிளந்து மென்மை பெறும். செயற்கை இழையோ நீரைத் தன்னுள் மிகக் குறைவாகவே ஏற்கும்; இழைகளின் இடைவெளியிலேயே தாங்கி நிற்கும். அதனால் அதை ஊறவைக்க வேண்டுவதில்லை. விரைவில் உலர்ந்தும் விடும்.

இயற்கையானவை யாவும் தீங்கற்றவை எனக் கருதுவோர் உளர். முதல் உலகப் போர்க் காலத்தில், முறையாகத் தூய்மை செய்யப்படாத குதிரைமுடித் தூரிகைகள் வழியே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் நோய் பரவி உயிர்களைப் பறித்தது. 1930களில் அமெரிக்காவில் உருவான நைலான், விலங்கின் முடிக்கு மாற்றாயிற்று. ஆயினும் நைலான் மண்ணில் எளிதில் மக்குவதில்லை. நன்மையும் குறையும் இருபாலும் உள.

என் தந்தையின் கைகள் முதுமையால் நடுங்கத் தொடங்கியபின், அவருக்குச் சவரம் செய்யும் பணி எனதாயிற்று. அவர் முப்பது ஆண்டுகளாகப் பன்றிமுடித் தூரிகையையே விரும்பியவர். "இதன் உரசல்தான் முகத்தை விழிக்கச் செய்யும்" என்பார். மூப்பினால் மெலிந்த தோலோ அவ்வுரசலைத் தாங்காமல் சிவந்தது. செயற்கை இழைத் தூரிகை ஒன்றை வாங்கி வந்தேன். "என்னப்பா, பஞ்சால் தடவுகிறாயா?" என்று நகைத்தார். இரு வாரங்களில் சிவப்பு மறைந்தது. அவர் நகைப்பதும் நின்றது. கன்னத்தைத் தாமே நீட்டலானார்.

எது உயர்ந்தது என்னும் வினாவுக்குக் கடைக்காரர் விலையைக் கொண்டு விடை கூறுவார். பழகியவர் பழக்கத்தைக் கொண்டு கூறுவார். எனக்கு விடை கூறியது என் தந்தையின் தோல். பிறருக்காக ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, நம் கருத்தைச் சற்று ஒதுக்கிவைத்து அவர்தம் உடலையும் உள்ளத்தையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அன்பு அந்நோக்கிலிருந்தே தொடங்குகிறது.